ஒரு ஆள் கட்டும் தார்ப்பாய்

“அம்மா, உங்க தார்ப்பாய்த் தாளு ரெடி! வந்து பாத்துக்கிடுங்க!”

எந்திரிச்சிட்டீங்க, பாத்தீங்களா! உட்காருங்க அக்கா, உட்காருங்க. கடைக்கார மீரான் பாய் கூப்பிடவில்லை, நான்தான். பாய் உள்ளே வேறு யாருடைய தார்ப்பாய் ஓரத்திலோ கயிறு கோக்கக் கண்ணு அடித்துக்கொண்டிருக்கிறார். டங்கு டங்கென்று கேட்கிறதே, அந்தச் சத்தம்தான். உங்கள் முறை வர இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். கோபமா? கோபப்படாதீங்க. கடைக்கு வந்த முக்கால் மணி நேரத்தில் பாய் குரலைப் பிடித்துவிட்டேன், யாரிடமாவது ஓட்டிப் பார்க்க வேண்டுமில்லையா.

உங்கள் குரலும் வரும். “கரிமூடைய மூடுறதுக்குங்கண்ணே, போன வருசம் குடுத்தது ஒரு வெயிலுக்கே உரிஞ்சு போச்சு.” சரியா? விளாத்திகுளம் பக்கமா நீங்க? நினைச்சேன். உங்களுக்கு வார்த்தை கொஞ்சம் மூக்கில் நின்றுவிட்டு வருகிறது. அதைப் பிடித்துவிட்டால் போதும், மிச்சம் தானாக வரும்.

நாங்கள் வண்டிக்கு எடுக்க வந்தோம். வெளியே வேப்பமரத்தடியில் வெள்ளை பிக்கப் நிற்கிறதே, அதுதான். பக்கத்தில் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு நிற்பவர் எங்கள் அப்பா, ஆவுடையப்பன். இன்றைக்குக் காலையில் சவரம் பண்ணியவர் மாதிரி இருக்கிறார் இல்லையா? போன மாதம் வரைக்கும் இந்தத் தண்டிக்கு மீசை இருந்தது. அது போனது என்னால். அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் சிரித்தேன்.

அப்பாவுக்கு மாசி மாதம் தொண்டையில் ஆபரேஷன். குரல் இருக்கிற பெட்டியையே எடுத்துவிட்டார்கள். ஆளைக் காப்பாற்ற வேறு வழி இல்லை என்று டாக்டர் சொன்னார். அம்மா அழுதார்கள். சித்தி அழுதார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்டில் ஒரு பொம்பளை பேசுமே, “கதவு மூடுகிறது, தயவுசெய்து விலகி நிற்கவும்” என்று, அதை நான் மூன்றாவது மாடி வராண்டாவில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நர்ஸ்கள் விலகி நின்றார்கள்.

வீட்டுக்கு வந்த நாலாவது நாள் போன் அடித்தது. இன்பராஜ் மேனேஜர். எங்கள் ஊர் தீப்பெட்டி ஆபீஸில் மேனேஜர் அவர். தீப்பெட்டிப் பண்டல்களைத் தூத்துக்குடிக்கு ஏற்றுவது எங்கள் வண்டிதான், எங்களுக்குப் பிழைப்பே அந்த ஒரு லோடுதான். போன் அடிக்கிறது, அப்பா அதையே பார்க்கிறார், அம்மா அப்பாவைப் பார்க்கிறார்கள். நான் எடுத்தேன்.

“ஆங், சொல்லுங்க மேனேஜரே! வண்டியா? நம்ம வண்டி நிக்கிறதே உங்களுக்காகத்தானய்யா!”

பொம்பளைப் பிள்ளை தொண்டையிலிருந்து அப்பா குரல், அச்சு அசல். சின்ன வயதிலிருந்தே அது எனக்கு வரும். பத்தாம் வகுப்பில் லீவு லெட்டருக்குப் பதிலாக ஹெட்மிஸ்ட்ரஸுக்கு அப்பா குரலில் போன் போட்டே மூன்று நாள் லீவு எடுத்திருக்கிறேன். மேனேஜர், “அதாவது அண்ணாச்சி, நாளைக்குக் காலம்பற வந்துருங்க” என்றார். அவருக்கு எதற்கெடுத்தாலும் ‘அதாவது’. வைத்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வண்டி பிழைத்தது.

அதிலிருந்து நான்தான் அப்பா. போனில். அப்பா வண்டி ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நேரில் யாராவது பேச்சுக் கொடுத்தால், “அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு” என்று சொல்லிவிடுவேன். நாலு மாதமாக ஒரு மனுஷனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, ஆனால் போனில் மட்டும் கணீரென்று பேசுகிறார். யாருக்கும் சந்தேகமே வரவில்லை அக்கா! ஜனங்களை ஏமாற்றுவது அவ்வளவு சுலபம்.

அப்பா எங்களிடம் பேசுவது தட்டித்தான். லோடுமேன் வண்டிக்குப் பின்னால் நின்று பாடியில் தட்டுவான் பாருங்க, அந்தக் கணக்கு. ஒரு தட்டு என்றால் நில்லு. இரண்டு தட்டு என்றால் போகலாம். சாப்பாட்டுத் தட்டு, கதவு, கட்டில் சட்டம், எது கையில் படுகிறதோ அதில். சோறு போதுமா, ஒரு தட்டு. இன்னும் கொஞ்சம் ரசம், இரண்டு தட்டு. ஒரு குடும்பம் நடத்துவதற்கு இந்த இரண்டே போதும் போலிருக்கிறது.

ஒரே ஒரு கெட்ட பழக்கம். நான் போனில் பேச ஆரம்பித்தால் எழுந்து வண்டிப் பக்கம் போய்விடுவார். குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பார். நாலு டயரையும். ஒரு நாளைக்கு ஆறு போன் வந்தால் ஆறு தடவை. அப்படி என்ன காற்று இறங்கிவிடப் போகிறது?

அம்மாவும் மாறிவிட்டார்கள். முன்னாலெல்லாம் நான் யார் குரலில் பேசினாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சித்திரையில் ஒரு நாள் அம்மா முன்வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அப்பா கொல்லையில் உட்கார்ந்திருந்தார். நான் அடுக்களையில் நின்று அப்பா குரலில், “ஏட்டி ரஞ்சிதம்! வெந்நி வச்சியா?” என்றேன். அம்மா குடத்தைப் போட்டது போட்டபடி கொல்லைக்கு ஓடிப்போய் அப்பா முன்னால் நின்றார்கள். அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார். அம்மா திரும்பி வந்து, நிரம்பி வழிகிற குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிரிக்கவே இல்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன், அக்கா.

சரி, மீசைக்கு வருகிறேன்.

எங்கள் பழைய தார்ப்பாயில் இரண்டு ஓட்டை. ஒட்டுப் போட வேண்டும் என்று அப்பா அதை மடித்து வாசலில் வைத்திருந்தார். அன்றைக்கு அவர் டீசல் போடப் போயிருந்த நேரத்தில் மேனேஜர் போன். “அதாவது அண்ணாச்சி, வைகாசி மழை எந்நேரம்னாலும் இறங்கும் போலருக்கு. தார்ப்பாய் நல்லா இருக்குல்ல? தீப்பெட்டி நமத்துப் போனா யாருக்கும் ஆகாது, பாத்துக்கிடுங்க.”

அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அதைத்தான் சொன்னேன். “என் தார்ப்பாய்ல ஒரு சொட்டு எறங்குச்சுன்னா என் மீசைய எடுத்துருதேன் மேனேஜரே! ஏத்துங்கய்யா லோட!”

அதுதான் அப்பா. பழைய அப்பா அப்படித்தான் பேசுவார். மேனேஜர் சிரித்தார்.

அப்பா வந்ததும், நாளைக்கு லோடு என்றேன். வாசலில் கிடந்த தார்ப்பாயைக் காட்டி, கதவில் ஒரு தட்டு தட்டினார். “சொல்லியாச்சேப்பா” என்றேன். திரும்ப ஒரு தட்டு. “உங்க குரல்ல சொல்லியாச்சுப்பா, எப்படி இல்லங்கிறது?” ஒட்டுப்போட ஆள் அன்றைக்குப் பார்த்து ஊரில் இல்லை. மறுநாள் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குறுக்குச்சாலை ஊர் தாண்டவில்லை, மழை கொட்டியது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மேலே ஏறி ஆளுக்கு ஒரு ஓட்டையைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நான் கண்டக்டர் குரலில், “மேல ஏறாத, உள்ள எடம் இருக்கு, உள்ள போ, உள்ள போ” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மழை எங்கள் தோள் வழியாக வழிந்து உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. மேல் வரிசை முழுக்க நனைந்துவிட்டது. தூத்துக்குடியில் இறக்கமாட்டோம் என்றார்கள், திருப்பிக் கொண்டுவந்தோம்.

மேனேஜர் ஒரு பண்டலைப் பிரித்து ஒரு குச்சியை எடுத்து உரசினார். மருந்து மட்டும் சேறு மாதிரி அப்பிக்கொண்டு வந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அப்படித்தான். நான் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்தெல்லாம் இருக்கிறது, பெட்டியும் இருக்கிறது, உரசவும் உரசுகிறார், ஆனால் பற்றமாட்டேன் என்கிறது. எங்கேயோ இதைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. எங்கே என்று தெரியவில்லை.

மேனேஜருக்குக் கோபம் வரவில்லை. விளையாட்டாகத்தான் கேட்டார். “அதாவது அண்ணாச்சி, மீசையில்ல பணயம் வச்சீக?”

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் காலையில் அப்பா கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார். மீசை இல்லை. மூக்குக்குக் கீழே அந்த இடம் மட்டும் வெள்ளையாக, வேறு யாருடைய முகத்திலிருந்தோ எடுத்து ஒட்டியது மாதிரி இருந்தது. நேராக என்னை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார். மேனேஜர் முன்னால் போய் நின்றார், அவ்வளவுதான். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ‘அதாவது’ கூட வரவில்லை அவருக்கு.

என்னத்துக்கு இது? சொன்னது நான். எடுத்தது அவர். “நான் சும்மா சொன்னதுப்பா” என்று வண்டியில் வரும்போது சொன்னேன். ஸ்டீயரிங்கில் ஒரு தட்டு. அவ்வளவுதான் பதில்.

ஆனால் லோடு நிற்கவில்லை. புதுத் தார்ப்பாய் போட்டுவிட்டு வாங்க, தருகிறேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவருக்கும் வயசாகிவிட்டது போல. போனில் பேசி முடிக்கும்போதெல்லாம், “சரி அண்ணாச்சி, படிப்ப மட்டும் விட்டுறாதீங்க” என்கிறார். நாற்பத்தெட்டு வயசு ஆளிடம் படிப்பை விட்டுவிடாதே என்றால்! நானும் அப்பா குரலிலேயே, “ஆகட்டும்யா” என்று சொல்லி வைப்பேன்.

எனக்குப் படிப்பா? ப்ளஸ் டூ முடித்துவிட்டேன். திருநெல்வேலியில் ஒரு காலேஜில் பி.காம். இடம் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டல். திங்கள்கிழமைக்குள் சேர வேண்டும். நான் போகவில்லை என்று எப்போதோ சொல்லிவிட்டேன். நான் போனால் போனை யார் எடுப்பது? அந்த லெட்டர் டேஷ்போர்டுக்குள் கிடந்தது. இன்றைக்குக் காலையில் பார்த்தால் அப்பா அதை மடிப்புக் கலையாமல் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அதை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைகிறாரோ.

இங்கே வந்தோமா. பாய் முதலில் நீலப் பிளாஸ்டிக் தாளை விரித்தார். உங்களுக்குக் கொடுப்பாரே, அந்த ரகம். அப்பா வண்டியில் ஒரு தட்டு. சரிதான், தாள் மழைக்கு நல்லது, ஆனால் வெயிலில் உள்ளே வேர்க்கும். தீப்பெட்டிக்கு வேர்வையும் மழையும் ஒன்றுதான்.

அடுத்து கித்தான், முரட்டுக் கான்வாஸ் துணி. அடடா, என்ன ஒரு கித்தான், அக்கா! பச்சை, மெழுகு போட்டது, கையில் எடுத்தால் எருமைக்கன்றைத் தூக்குகிற மாதிரி. “இதப் போட்டீங்கன்னா பத்து வருசத்துக்கு வானத்தப் பாக்க வேண்டாம், ஆனா தூக்கிப் போட ரெண்டாளு வேணும்” என்றார் பாய். “ரெண்டாள் இருக்கோமே பாய்! நான் அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம்!” என்று ஒரு முனையைப் பிடித்தேவிட்டேன். அப்பாவுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் இடது தோள் மேலே வராது. அதனால் எப்போதும் உயரத் தூக்குவது நான்தான்.

ஒரு தட்டு.

“ஏம்ப்பா?”

ஒரு தட்டு.

பாய் உள்ளே போய் இன்னொன்றை எடுத்து வந்தார். துணிதான், மேலே லேசாக ஒரு பூச்சு, சாம்பல் நிறம். பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. “இது கித்தான் அளவுக்கு உழைக்காது. நாலு வருசம் வரும். ஆனா வேர்க்காது, ஒரு ஆளே போட்டுக் கட்டிரலாம்” என்றார்.

ஒரு ஆளே என்று அவர் சொல்லி வாயை மூடவில்லை, இரண்டு தட்டு.

“ஒரு ஆள் எதுக்குப்பா? நான் எங்க போகப்போறேன்?” என்றேன். அப்பா காதில் வாங்கவே இல்லை. பாயிடம் அதை வாங்கி, போட்டுப் பார்க்க வேண்டும் என்று கையைக் காட்டினார். நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். வண்டியில் ஒரு தட்டு. சரியென்று தள்ளி நின்றேன்.

பின்சக்கரத்தில் கால் வைத்து ஏறினார். வலது கையால் சுருட்டை உருட்டிவிட்டார். இறங்கினார். அந்தப் பக்கம் போய் இழுத்தார். இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் சரிந்துவிட்டது. திரும்பவும் போய்ப் பல்லால் ஓரத்தைக் கவ்விக்கொண்டு கொக்கியில் மாட்டினார். நாலு சுற்று சுற்றினார் வண்டியை. துண்டு நழுவி, மூச்சு விட ஆபரேஷனில் வைத்த கழுத்துத் துளை தெரிந்தது, சரிசெய்யக்கூட இல்லை. பாய், நான், டீ கொண்டுவந்த ஆள், எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்து இரண்டு தட்டு தட்டினார், ஏதோ பரீட்சையில் பாஸ் பண்ணிய மாதிரி.

பார்க்க நன்றாகவே இல்லை, அக்கா. ஒரு பக்கம் தொய்வு.

அதோடு முடிந்ததா? தார்ப்பாயில் பெயரும் போன் நம்பரும் எழுதுவார்கள், பார்த்திருப்பீங்க. பின்னால் வருகிற வண்டிக்காரன் பார்த்தால்கூட லோடுக்குக் கூப்பிடுவான். என்ன எழுத என்று பாய் கேட்டார். நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அப்பா பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்! பாய் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டார், “நீ வாசிம்மா” என்று என்னிடம் நீட்டினார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பா குரலில் ஆரம்பித்தேன். “ஆவுடையப்பன்! பிக்கப் வாடகைக்கு...”

ஒரு தட்டு.

சரி, வேண்டாம். பாய் குரலில் ஆரம்பித்தேன். பாயே சிரித்துவிட்டார்.

ஒரு தட்டு.

ஹெட்மிஸ்ட்ரஸ் குரல். ஒரு தட்டு. பலமாக. தகரம் அதிர்ந்தது.

பிறகு வாசித்தேன். யார் குரலில் என்று தெரியவில்லை, ஏதோ வந்த குரலில். “ஆவுடையப்பன். பிக்கப் வாடகைக்கு. எனக்குப் பேச வராது. எழுதி அனுப்பவும்.” கீழே நம்பர்.

இரண்டு தட்டு. மெதுவாக.

பாய் எழுத்து வெட்டிய தகடுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். அதோ பாருங்க, திண்டில் காய்கிறதே, அதுதான். ‘வராது’ இன்னும் காயவில்லை.

நீங்களே சொல்லுங்க, நாலு மாதமாக நான் பேசிப் பேசிக் காப்பாற்றி வைத்திருக்கிற வண்டி. எனக்குப் பேச வராது என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டு போனால் எவன் கூப்பிடுவான்? ஒரே ஒரு தடவை லோடு நனைந்தது. மீசை விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு என்னை வேலையைவிட்டே தூக்கிவிட்டார், அவ்வளவுதான். வருத்தமா? இல்லை. என்னவோ, ஒன்றும் தோன்றமாட்டேன் என்கிறது. காலையிலிருந்து காது அடைத்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

இருங்க, போன். இன்பராஜ் மேனேஜர்தான். கேளுங்க இப்போ, அப்பா குரலை. ம்ஹும்... ஆங்...

பாத்தீங்களா. அப்பா வந்து போனைப் பிடுங்கிவிட்டார். கூப்பிட்டவரைக் கட் பண்ணியும் விட்டார்! மேனேஜர் என்ன நினைப்பார்? எங்கள் பிழைப்பே அந்த ஒரு ஆள்தான் என்று சொன்னேன் இல்லையா? இப்போது என்ன, டைப் அடிக்கிறாரா? ஒற்றை விரல். ஒரு எழுத்துக்கு ஒரு நிமிஷம். இதை இவர் அனுப்பி, மேனேஜர் படித்து, லோடு வருவதற்குள் தை பிறந்துவிடும். எட்டிப் பார்க்கிறேன், இருங்க.

“தார்ப்பாய் எடுத்தாச்சு. நாளை வாரேன். இனிமேல் நானே.”

அனுப்பிவிட்டார்.

பதில் வந்துவிட்டது, அதற்குள்ளேயா? “சந்தோசம் அண்ணாச்சி. லோடு ரெடி. பாப்பாவுக்கு எந்தக் காலேஜ்?”

...பாப்பாவுக்கா?

அவருக்கு எப்படித் தெரியும் அக்கா? நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே. போனில் பேசியது முழுக்க அப்பாதானே.

எத்தனை நாளாகத் தெரியும்?

இல்லை, ஒன்றுமில்லை. வெயில். கண்ணில் தண்ணீர் எல்லாம் இல்லை, நீங்கள் அப்படிப் பார்க்காதீங்க. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னேனே.

ரெண்டு தட்டு. கேட்டுச்சா? என்னைத்தான். தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே வண்டிக்குப் போகிறார் பாருங்க. ‘வராது’ காய்ந்துவிட்டது போல.

பாய் குரலில் சொல்லிவிட்டுப் போகட்டுமா? மேனேஜர் குரலில்? அதாவது... வேண்டாம்.

வாரேன்க்கா.

என்ன திரும்பிப் பாக்கீங்க? இது யார் குரலும் இல்ல.